பங்களா படத்துக்கு ஹார்ட் போடுவதற்கு முன்

கொஞ்சம் நீண்ட பதிவு. பஸ்ஸில் இருப்பவர்கள் சேவ் பண்ணி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் ஆறுதலாக வாசியுங்கள்.

இரண்டு கிழமையாக ஊர் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே படம்தான் ஓடுகிறது. மேல் மலையில் இத்தனை வருடமாகப் பூட்டிக் கிடந்த துரை பங்களாவுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, முன்னால் புல் வெட்டி, 'விரைவில் பூட்டிக் ஹோட்டல்' என்று போட்டிருக்கிறார்கள். கீழே ஹார்ட் மழை. "மாஷா அல்லாஹ், எங்கட ஊரும் ஐரோப்பா மாதிரி வரப்போகுது" என்று ஒருவர். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர், தான் வெனிஸில் பழைய மாளிகை ஒன்றில் தங்கிய படத்தையும் பக்கத்தில் போட்டு, "அதே லுக்" என்று எழுதியிருந்தார். நம் பள்ளிவாசல் பக்கத்துக் குழுவில் வந்த கேள்விகள் இரண்டே இரண்டு. பார் இருக்குமா? சாப்பாடு ஹலாலா? இரண்டுக்கும் பதில் கிடைத்ததும் கதை முடிந்துவிட்டது.

அந்த இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அத்தோடு முடிந்தது பிழை என்று நினைப்பதால்தான் எழுதுகிறோம். நாங்கள் என்றால், பஸாரில் பிறந்து வளர்ந்து தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிற நாலு பேர். காலையில் கடைத்தெருவிலிருந்து மேலே ஏறி, பின்னேரம் கீழே இறங்குகிறவர்கள். இரண்டு பக்கத்துக் கதையும் காதில் விழும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்களும் ஒரு பங்களா ஹோட்டலில் தங்கினோம். போன டிசம்பர் விடுமுறையில், வேறொரு பள்ளத்தாக்கில். பெயர் வேண்டாம். எங்களில் ஒருவருடைய மச்சான் அங்கே கணக்குப் பகுதியில் இருக்கிறார், அவர் தயவில் உள்நாட்டு விலையிலும் பாதி விலைக்கு ஒரே ஒரு இரவு, நாலு பேருக்கு இரண்டு அறை. பிடிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டோம். நாலு காலில் நிற்கும் குளியல் தொட்டி, திறந்தவுடன் சுடுதண்ணீர், குளிருக்கு அடுப்பங்கரையில் எரியும் டர்பண்டைன் கட்டை, பஞ்சு மெத்தை. எங்களில் ஒருவர் அந்த மெத்தையில் படுத்து ஃபஜ்ரையே தவறவிடப் பார்த்தார். (ஆளைச் சொல்லமாட்டோம். அவரும் இதை வாசிப்பார்.)

இரவுச் சாப்பாட்டுக்குப் போனபோது பரிமாற வந்த பையனை எங்களுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. எங்கள் மாணவன். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தவன். வெள்ளைச் சாரம், பித்தளை பொத்தான் வைத்த வெள்ளைக் கோட், அந்தக் காலத்து பங்களா அப்புவின் உடுப்பு. எங்களைக் கண்டதும் அவனுக்கு ஒரே சந்தோசம். பக்கத்தில் கதிரையை இழுத்து இரு என்றோம். குரலைத் தாழ்த்தி, "இங்க ஒக்கார முடியாது சேர், கேமரா இருக்கு" என்றான்.

சாப்பாடு முடிந்து வெளியே வராந்தாவில் நின்று கொஞ்சம் கதைத்தோம். அவனுடைய தாத்தா அதே பங்களாவில் அப்புவாக இருந்தவராம். முன்வாசலால் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லையாம், குசினிப் பக்கத்து வாசல்தான். "நான் இப்ப முன்வாசலால வர்றேன் சேர்" என்று சிரித்தான். கொழும்பில் கடையில் நிற்பதை விட இது மேல், இரவில் வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்க்கலாம் என்றான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். ஏனென்றால் இந்தப் பதிவைப் பார்த்து 'வேலை வாய்ப்பைக் கெடுக்கிறார்கள்' என்று யாராவது வரப்போகிறீர்கள். அவனுடைய வேலையை நாங்கள் மதிக்கிறோம். அவன் அந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை.

எங்களைக் குழப்பியது சுவரில் இருந்த ஒரு படம். நூறு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கும். நடுவில் துரை, காலடியில் அவருடைய நாய், பின்னால் ஆறேழு தோட்டத்து ஆட்கள். படத்துக்குக் கீழே அழகான எழுத்தில் துரையின் பெயர் இருந்தது. நாயின் பெயரும் இருந்தது. பின்னால் நின்றவர்களுக்கு ஒரு பெயரும் இல்லை. அடுத்த நாள் காலை விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வரலாறு சொல்லும் நடை ஒன்று. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டது, கோப்பிக்கு இலைநோய் வந்து தோட்டங்கள் அழிந்தது, ஸ்கொட்லாந்துத் துரைமார் காட்டை அழித்து மலையை ஆண்டது என்று அரை மணித்தியாலம் கதை. நன்றாகத்தான் சொன்னார்கள். எங்கள் ஆட்களைப் பற்றி ஒரே ஒரு வசனம்: தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். சாமான் கொண்டுவந்தது மாதிரி. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்ததையும், வழி நெடுகச் செத்ததையும், 1948இல் பிரஜாவுரிமை பறிபோனதையும், 1964இல் இரண்டு நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்ததையும், மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 2003வரை சட்டம் காத்திருந்ததையும் அந்த வராந்தாவில் நின்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கப் தேநீர் கசக்கும் என்று நினைத்தார்களோ தெரியாது.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து கீழே பார்த்தால் லயம் தெரிந்தது. தகரக் கூரை, மேலே கல்லும் பழைய டயரும் பாரம். வாசலில் ஓடும் கான். பங்களா கட்டிய காலத்திலேயே கட்டிய லயம் அது என்று அந்தப் பையன் சொன்னான். இங்கேதான் எங்களுக்கு விசயம் பிடிபட்டது. இரண்டும் ஒரே வயதுக் கட்டடம். ஒன்று பாரம்பரியம் என்று சொல்லி டொலருக்குப் போகிறது. மற்றதில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் படுத்து எழும்புகிறது. அதைப் பாரம்பரியம் என்று யாரும் சொல்வதில்லை, திருத்தியும் கொடுப்பதில்லை.

இனி வெனிஸ் கதைக்கு வருவோம். பழைய மாளிகையை ஹோட்டலாக்குவது ஐரோப்பாவில் சாதாரணம், இங்கே மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு. அந்த ஊர்களிலும் இப்போது சண்டைதான் நடக்கிறது. வெனிஸ் பழைய நகரத்தில் 1950களில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள், 2022இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. வீடெல்லாம் விருந்தாளிக்குப் போனால் ஊர்க்காரன் எங்கே இருப்பது? பார்சிலோனாவில் 2024 ஜூலையில் ஊர்வலம் போன சனங்கள் சாப்பாட்டுக் கடைகளில் இருந்த சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துவக்கால் அடித்தார்கள். பயணிகளுக்கு வாடகைக்கு விடும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளின் அனுமதியை 2028 நவம்பருக்குள் முடிப்போம் என்று அந்த நகர மேயரே சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு நகர சபையை உலுக்கத் தெரியும். பலமும் இருக்கிறது.

ஆனால் பெரிய வித்தியாசம் வேறு. வெனிஸ் மாளிகையைக் கட்டிய வியாபாரியும் போய்விட்டான், அவனுக்குத் தண்ணீர் சுமந்த வேலைக்காரனும் போய்விட்டான். அங்கே பழைய காலம் பழைய காலமாகிவிட்டது. அதைக் காசு கொடுத்துப் பார்ப்பதில் யாருக்கும் காயமில்லை. இங்கே அந்தப் பழைய காலம் காலையில் கொம்பு ஊதியதும் எழும்பிப் பெரட்டுக்குப் போகிறது. விருந்தாளி ஜன்னல் திரையை விலக்கி, மூடுபனிக்குள் கூடையோடு நிரையில் நிற்கும் பெண்களைப் பார்த்து, ஆஹா அந்தக் காலம் மாதிரியே இருக்கிறது என்கிறார். அப்படியேதான் இருக்கிறது, அதுதான் எங்கள் முறைப்பாடு. சில இடங்களில் விருந்தாளிக்குச் சேலை கட்டி, கூடை மாட்டி, ஒரு மணித்தியாலம் கொழுந்து பறிக்க விடுகிறார்கள். பறித்ததை நிறுத்துப் பார்க்கமாட்டார்கள். எங்கள் பிள்ளைகளின் அம்மாவுக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் 18 கிலோ, 20 கிலோ என்று நோர்ம் இருக்கிறது. குறைந்தால் அரைப் பேர்.

பேர் என்றதும் ஒரு கணக்கு. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்ட கணக்கு இது. மலைநாட்டில் மேல்தர பங்களா ஹோட்டலில் ஓர் இரவுக்கு ஐந்நூறு டொலர் என்பது பெரிய விலையே இல்லை, அதற்கும் மேலே போகும். டொலரை முந்நூறு ரூபாயாக வையுங்கள். ஒன்றரை இலட்சம். 2021இல் அவ்வளவு போராடி நாட்சம்பளம் ஆயிரம் ஆனது. 2024 மே தினத்தில் 1,700 என்றார்கள், கம்பெனிகள் நீதிமன்றம் போனார்கள், கடைசியில் அந்த வருடம் செப்டெம்பரில் 1,350 நிர்ணயமானது. ஒன்றரை இலட்சத்தை 1,350ஆல் வகுங்கள். நூற்றுப் பதினொரு பேர். மாதம் 25 பேர் விழுந்தால் நாலரை மாதம். ஒரு பிள்ளை எழும்பி, "சேர், காலைச் சாப்பாடும் அதுக்குள்ளயா?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. எங்களுக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

ஹோட்டலே வேண்டாம் என்று சொல்கிறோமா? இல்லை. இது இன்று தொடங்கியதும் இல்லை. நுவரெலியா கிராண்ட் ஹோட்டல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் வீடாக இருந்த இடம். 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு டை கட்ட வேண்டும், இல்லாதவருக்கு இரவலும் கொடுப்பார்கள் என்பது நம் ஊர்ப் பகிடிகளில் ஒன்று. கந்தப்பளையில் மூடிக் கிடந்த ஹெதர்செட் ஸ்டோர் 1996இல் ஹோட்டலானது. கொழுந்து வாட்டிய மாடிகளில் இப்போது படுக்கையறைகள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரை பங்களாக்கள் 2005இலிருந்து டீ டிரெயில்ஸ் என்ற பெயரில் உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டன. இடிந்து விழ வேண்டிய கட்டடங்கள் நிற்கின்றன, பிள்ளைகளுக்கு வேலையும் இருக்கிறது. இதெல்லாம் நல்லது. நாங்கள் கேட்பது, நம் மலையில் வரப்போகிற இந்த ஒன்று யாருடைய வரலாற்றை விற்கப்போகிறது, அதில் மேல் டிவிசன், கீழ் டிவிசன் சனங்களுக்கு என்ன என்பதுதான்.

'ஊருக்கு வருமானம்' என்கிறார்கள். கடைக்காரர்களே, நாநாமாரே, உங்களைக் கேட்கிறோம். விருந்தாளியின் வேன் கொழும்பிலிருந்து நேரே வந்து நேரே மேலே ஏறும். சீஸும் இறைச்சியும் குளிர்ப்பெட்டியில் கொழும்பிலிருந்து வரும். நம் பஸாரில் அவர் இறங்கினால் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்குவார். நம் கடைகள் ஓடுவது எதில்? மாதம் பத்தாம் தேதிச் சம்பளத்தில். புடைவைக் கடைக்குப் பெரிய சீசன் நோன்புப் பெருநாளா, தீபாவளி அட்வான்ஸா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். மூன்று தலைமுறையாக நம் வாப்பா, அப்பா எல்லாரும் கடன் கொப்பி எழுதியது லயத்துச் சனத்தின் பெயரில். நாங்கள் படித்துக் கலாசாலைக்குப் போன காசும் அந்தக் கொப்பிக்குள்ளிருந்து வந்ததுதான். கூலியைப் பற்றி ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம். கேட்டுவிட்டுக் கடைக்கு வந்து, "இவங்க எப்பயும் இப்பிடித்தான்" என்று சம்பளப் போராட்டத்தைப் பற்றிப் பேசியவர்களும் நாங்கள்தான். 2023இல் மலையகத்துக்கு இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குச் சனங்கள் நடந்து வந்தபோது, இதே வட்ஸ்அப் குழுக்களில் எத்தனை ஹார்ட் விழுந்தது என்று மேலே தள்ளிப் பாருங்கள். நாங்கள் பார்த்தோம். எண்ணிக்கை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

காணிக் கதையையும் சொல்ல வேண்டும். தோட்டச் சனத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு எத்தனை தேர்தல் மேடை ஏறியது? 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து பத்தாயிரம் வீடு என்று அறிவித்தபோது நம் பாடசாலைப் பிள்ளைகளும் கொடி பிடித்து நின்றார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று தகப்பன், தாய். இன்னும் லயத்தில். காணி கம்பெனியின் குத்தகையில் இருக்கிறது, அளக்க வேண்டும், கடிதம் வர வேண்டும் என்று ஆயிரம் காரணம். அதே காணியில் ஹோட்டல் என்றால் பாதை வருகிறது, கரண்ட் வருகிறது, கூகுள் மெப்பில் புள்ளி வருகிறது. லயத்துக்கு வரும் கடிதம் இன்னும் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே கிடந்து, யார் கையிலோ வீட்டுக்கு வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்து கைக்கு வந்த மாணவர்களை எங்களுக்குத் தெரியும். தண்ணீரும் அப்படித்தான். மேல் டிவிசன் குழாய்க்கு வரும் ஊற்று பங்களாவுக்குப் பின்னால் இருக்கிறது. நீச்சல் குளத்துக்கு எந்தத் தண்ணீர்? யாரும் கேட்கவில்லை. கேட்கிறோம்.

பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களாகச் சொல்ல உரிமை இருக்கிறது. நுவரெலியா வழியில் வளைவுக்கு வளைவு பூக்கொத்தோடு வேனைத் துரத்தி ஓடும் பையன்களைக் கண்டிருப்பீர்கள். சீசனில் பாடசாலை வரவுப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும் அவர்கள் எங்கே என்று. லயத்து வாசலில் வேன் நிறுத்தி, டொபி கொடுத்து, மூக்கு வடியும் பிள்ளையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுடைய ஊரில் ஒரு வீட்டு வாசலில் போய் அப்படிச் செய்தால் பொலிஸ் வரும்.

மற்ற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 2022இல் அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் பழைய அடிமைக் குடிசை ஒன்றைச் சொகுசு அறையாக்கி எயார்பிஎன்பியில் போட்டிருந்ததை ஒரு கறுப்பின வழக்கறிஞர் வீடியோ போட்டுக் காட்டினார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்த மாதிரி இடங்களைப் பட்டியலிலிருந்து எடுத்தது. நம் ஆட்கள் அடிமைகள் என்று சொல்லவில்லை, சட்டப்படி அது வேறு. ஆனால் ஒருவருடைய கஷ்டத்தை இன்னொருவருக்கு அலங்காரமாக்குவது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். மொரீசியஸில் கரும்புத் தோட்டத்துக்கு இந்தியத் தொழிலாளர் வந்திறங்கிய அப்ரவாசி காட் படிக்கட்டுகளைப் பாதுகாத்து வைத்தார்கள், 2006இல் அது உலக மரபுரிமைத் தளமானது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஹந்தானையில் பழைய தேயிலை ஸ்டோரில் 2001இலிருந்து ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, பாடசாலைச் சுற்றுலாவில் எல்லாரும் போயிருப்போம். இயந்திரங்கள், துரைமாரின் சாமான்கள். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே தொழிலாளர்களுக்கான அருங்காட்சியகம் ஒன்று 2007இலிருந்து இருக்கிறது. அங்கே போனவர்கள் கையைத் தூக்குங்கள். எங்கள் பாடசாலை போன தவணைதான் முதல் தடவை போனது, அதனால் பெருமை பேசவில்லை. ஒரு பிள்ளை அங்கே கூடையைப் பார்த்துவிட்டு, "இது எங்க அம்மாயிட கூடை மாதிரியே" என்று கையை வைத்துக்கொண்டு நகரவே இல்லை.

கலாசாலையில் இருந்தபோது விரிவுரையாளர் ஒருவர் எங்களை ஒரு தோட்டத்தின் படம் வரையச் சொன்னார். அத்தனை பேரும் முதலில் வரைந்தது பங்களா. மேலே, பெரிதாக. லயம் கீழே ஒரு கோடு. அவர் ஒன்றும் சொல்லாமல், அதையே எங்களுடைய பிள்ளைகளிடம் வரையச் சொல்லிப் பாருங்கள் என்றார். வருடா வருடம் ஏழாம் ஆண்டில் சொல்லிப் பார்க்கிறோம். லயத்தில் பிறந்த பிள்ளையும் பங்களாவைத்தான் முதலில் வரைகிறது.

ஆகவே, பங்களாவை எடுத்திருக்கும் முதலாளிமாருக்கும், அவர்களை நம் குழுக்களில் வரவேற்கும் பெரியவர்களுக்கும் நாங்கள் கேட்பது இது. வேலைக்கு எடுக்கும்போது முதலில் இந்த இரண்டு டிவிசன் பிள்ளைகளைக் கேளுங்கள், உடுப்பைத் தீர்மானிக்கும்போதும் அவர்களைக் கேளுங்கள். ஊற்றுத் தண்ணீரைப் பற்றி லயத்துச் சனத்தோடு உட்கார்ந்து எழுத்தில் பேசுங்கள். விருந்தாளியை லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதென்றால் அந்த வீட்டு ஆட்கள் வரச் சொன்னால் மட்டும். சுவரில் வரலாற்றுப் பலகை வைப்பதென்றால், துரைமாரின் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் இங்கே வேலை செய்தவர்களின் பெயர்களும் வர வேண்டும். 'பெயர் எங்களிடம் இல்லையே' என்று சொல்லாதிருக்க நாங்களே வேலையைத் தொடங்கிவிட்டோம்.

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பாட்டிமாரிடமும் பழைய கங்காணி வீடுகளிலும் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். இந்த பங்களாவில் அப்புவாக இருந்த மூவர், தோட்டம் பார்த்த இருவர், துணி தோய்த்தவர், குதிரை பார்த்தவர், பிள்ளை வளர்த்த ஆயா ஒருவர், மேல் மலையில் காடு வெட்டிய முதல் ஆட்களில் சிலர் என்று இதுவரை நாற்பத்து மூன்று பெயர் சேர்ந்திருக்கிறது. ஆயாவின் பெயரைக் கண்டுபிடிக்க மூன்று வீடு ஏறி இறங்கினார்கள். குதிரை பார்த்தவர் நம் ஆள் என்று ஒரு பாட்டி சொன்னார், பஸாரில் எந்தக் குடும்பம் என்று தெரியவில்லை. மூத்தவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

தெரிந்த பெயர்களைக் கீழே கொமென்டில் போடுங்கள். பெயர், எந்த லயம், என்ன வேலை, இவ்வளவு போதும். பழைய படம் இருந்தால் இன்பொக்ஸில் அனுப்புங்கள், பிரதி எடுத்துக்கொண்டு கையில் திருப்பித் தருவோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகும், சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகள் கொப்பியோடு இருப்பார்கள்.